‘கூலி மலிவு’ என்று சொல்லாதீர்கள்

நேற்று மாலை திருப்பூரில் ஒரு நண்பரின் அலுவலகத்தில் பேச்சு வங்கதேசத்தின் பக்கம் திரும்பியது. “அங்கே கூலி மலிவு. அதனால்தான் ஆர்டரெல்லாம் அங்கே போகிறது” என்றார் ஒருவர். இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கே மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த நான் வாயைத் திறக்கவில்லை. இரவெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்தப் பதிவு.

2016 முதல் 2019 வரை, டாக்கா நகரத்துக்கு வடக்கே உள்ள காஜிப்பூரில் ஒரு பனியன் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலையில் இருந்தேன். என்னைப்போலத் திருப்பூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் அங்கே நிறையப் பேர். என் செக்கிங் மேசையில் ரங்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். அங்கே அக்காவை ‘ஆபா’ என்பார்கள். தொழிற்சாலைக்குள் எல்லாப் பெண்களும் ஆபாதான். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே அதுதான் வார விடுமுறை, அவர் குடியிருந்த இடத்துக்குப் போயிருந்தேன். தகரக் கூரை போட்ட பன்னிரண்டு அறைகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், அதற்கு மேலே கயிற்றில் துணிகள், சுவரோரம் ஒரு அரிசி டப்பா. பன்னிரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துக் கடைக்கோடியில் நான்கு அடுப்புகள். காலை எட்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டுமானால் நாலரை மணிக்கே எழுந்து அடுப்புக்கு இடம் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாத நாளில் பாந்தா பாத். முந்தின இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடுவது. தொட்டுக்கொள்ள, வாய்த்தால் கருவாட்டை வதக்கி மசித்த பர்த்தா. ஒரு தட்டில் எனக்கும் போட்டுக் கொடுத்தார். எங்கள் பாட்டி வீட்டுப் பழைய சோறேதான். சாப்பிட்டுவிட்டு அதைச் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை.

அப்போது அங்கே ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,300 டாகா (டாகா அந்த நாட்டுப் பணம்). ஓவர்டைமும், லீவு போடாமல் வந்தால் கிடைக்கும் ஹாஜிரா போனஸும் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். சம்பள நாளில் தெருமுனைக் கடையில் நீண்ட வரிசை நிற்கும். ஊருக்குப் பணம் அனுப்புவதை அங்கே யாரும் ‘அனுப்புவது’ என்று சொல்வதில்லை. ‘பிகாஷ் செய்வது’ என்பார்கள். 2011-இல் வந்த கைபேசிப் பணச் சேவையின் பெயர், ஐந்தாறு ஆண்டுகளில் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆபா முதலில் ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் மகளுக்கும் பிகாஷ் செய்வார். வாடகை, அரிசி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவருடைய ஊர்ப் பக்கத்தில் ‘மொங்கா’ என்று ஒரு சொல் உண்டு. நம் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில், ஆமன் என்கிற மழைக்கால நெல்லின் அறுவடைக்கு முன், வயலில் வேலையே இருக்காது. நிலமில்லாதவர் வீட்டில் சோறும் இருக்காது. ஆண்டுதோறும் வந்துபோகும் அந்தப் பட்டினிக்குத்தான் மொங்கா என்று பெயர். அது இன்று பெருமளவு ஓய்ந்திருக்கிறது என்றால், அரசின் திட்டங்கள், சீக்கிரம் விளையும் நெல் ரகம் இவற்றோடு, காஜிப்பூரிலிருந்தும், அதேபோல ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த ஆஷுலியாவிலிருந்தும் இப்படி ஊருக்குப் போன காசும் காரணம். இதைக் ‘கூலி மலிவு’ என்ற இரண்டு சொல்லில் அடைக்கலாமா?

ஆபா அந்த செக்கிங் மேசை வரைக்கும் வந்து சேர்ந்ததே பெரிய கதை. 1971-இல் போர், 1974-இல் பஞ்சம். எழுபதுகளில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏழு குழந்தைகள் வரை பிறந்தன. வயிற்றுப்போக்கில் எத்தனையோ குழந்தைகள் செத்தன. 1980-இலிருந்து பத்து ஆண்டுகள், பிராக் என்ற தொண்டு அமைப்பின் ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள், வீடு வீடாகப் போனார்கள். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை வெல்லம், அரை லிட்டர் தண்ணீர்: கரைத்துக் காட்டி, தாயையும் கரைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள்! ஆபாவின் அம்மாவும் அப்படிக் கற்றுக்கொண்டவர்தான். அந்த அம்மாவுக்கு ஆறு பிள்ளைகள், ஆபாவுக்கு ஒன்று. இன்று நாட்டின் சராசரியே இரண்டை ஒட்டித்தான் இருக்கிறது. 1994 முதல் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை நாடு முழுக்க வந்தது. ஆபா எட்டாம் வகுப்பு வரை படித்தது அந்தப் பணத்தில்.

தொழிலின் தொடக்கம் எல்லோரும் சொல்வதுதான். தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனம் 130 பேரைத் தென்கொரியாவின் பூசான் நகருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது 1979-இல். இன்று சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்யும் தொழில் அது. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதிலிருந்துதான். 2020-இல் தனிநபர் வருமானத்தில் வங்கதேசம் இந்தியாவைத் தாண்டப்போகிறது என்று பன்னாட்டு நாணய நிதியம் கணித்தபோது, இங்கே எத்தனை பதிவுகள், எத்தனை கோபம்! அந்த எண்ணுக்குப் பின்னால் நாலரை மணிக்கு அடுப்புக்கு நின்றவர்களைப் பற்றி ஒரு பதிவையும் நான் பார்க்கவில்லை.

அந்த எண்ணுக்காக அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 23 அன்று டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே தைத்துக்கொண்டிருந்தவர்களை மறுநாளும் வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்று மிரட்டினார்கள். ஏப்ரல் 24 காலை, மின்சாரம் போய் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் எட்டு மாடியும் இடிந்து விழுந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வங்கி ஊழியனின் உயிருக்கும் தையல்காரியின் உயிருக்கும் ஒரே கட்டடத்தில் இரண்டு மதிப்பு. அதை நினைத்தால் இன்றும் என் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு கட்டடங்கள் பாதுகாப்பாயின, அது உண்மை. நான் இருந்த தொழிற்சாலையில் தீக்கதவு முதல் தூண் வரை சோதித்தார்கள். கூலி மட்டும் அடித்துப் பிடித்துத்தான் ஏறியது. 2018 கடைசியில் 8,000 டாகா. 2023-இல் 23,000 வேண்டுமென்று தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். முதலாளிகள் தரப்பு முதலில் தர முன்வந்தது 10,400. முடிவானது 12,500. நம் பணத்தில் அப்போது 9,400 ரூபாய் சொச்சம். அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் காஜிப்பூரில் குண்டடிபட்டு இறந்த ஒரு பெண்ணும் உண்டு.

பேக்கிங் பிரிவில் ஒருநாள் விலைச்சீட்டு கட்டும் வேலை. 9.99 யூரோ என்று அச்சிட்டிருந்தது. ஆபா ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, இது எத்தனை டாகா என்று கேட்டார். ஏறத்தாழ 950 என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “ஆறு பீஸ் போட்டால் என் மாதச் சம்பளம் தாண்டிவிடும்” என்றார். அன்று அவர் மேசையைக் கடந்து போனவை எழுநூறு பீஸ். கூலியை மலிவாக்கியது அவரா? காஜிப்பூரில் விலை கேட்டுத் திருப்பூரில் குறைக்கச் சொல்வதும், திருப்பூரில் கேட்டுக் காஜிப்பூரில் குறைக்கச் சொல்வதும் ஒரே பையர்தான், அதாவது துணியை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்தான். இது தெரிந்த நாமே அந்தப் பெண்ணைப் போட்டியாளர் என்று பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2024 ஜூலையில் ஐந்து நாட்கள் அவரோடு பேச முடியவில்லை. இணையத்தையே நிறுத்திவிட்டார்கள். அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு எதிராக மாணவர்கள் போராடிய நாட்கள் அவை. ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர் ஜூலை 16 அன்று கைகளை விரித்து நின்றபடி குண்டுபட்டு இறந்ததை உலகமே பார்த்தது. ஆபாவின் மகள் அதே ரங்பூரில் கல்லூரியில் படிக்கிறாள். மகளை கார்மென்ட்ஸுக்கு அனுப்பவே மாட்டேன் என்று சொல்லிச் சொல்லிப் படிக்க வைத்த பெண்.

தொடர்பு கிடைத்ததும் மகளைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். அவளும் ஊர்வலத்தில் போயிருக்கிறாள். “திட்டினீர்களா ஆபா?” என்றேன். “வேலைக்காகத்தானே போனாள் பாய் (சகோதரா), எப்படித் திட்டுவது?” என்றார். விடுதிக்குப் பணம் கட்டக் கெடு நெருங்கிவிட்டது, இணையம் இல்லாததால் பிகாஷ் கடையைத் திறக்கவே இல்லை. அன்று அவர் என்னிடம் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான்.