பற்றரி தீர்ந்தால் சாவியே போய்விட்டது என்று அர்த்தமில்லை
கார்ச் சாவியின் ரிமோட் வேலை செய்யாவிட்டால் புதுச் சாவி வாங்கி அதை வண்டியில் பதிந்து புரோகிராம் செய்ய வேண்டியதுதான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது எல்லா நேரமும் சரியில்லை. நுவரெலியாவில் ஒரு ஜனவரி விடியற்காலை, புல்லெல்லாம் உறைபனி, எங்கள் டொயோட்டா அக்குவா எத்தனை முறை அமுக்கியும் திறக்கவில்லை. போனில் கேட்ட கடைக்காரரும் புதுச் சாவிதான் என்றார். உண்மையில் குளிரில் அந்த 3 வோல்ட் பட்டன் பற்றரி வலுவிழந்திருந்தது, அவ்வளவுதான். ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை இழுத்தெடுத்துக் கதவைத் திறந்தேன். பிரேக்கை மிதித்தபடி ரிமோட்டின் டொயோட்டா சின்னம் உள்ள பக்கத்தை பவர் பட்டனில் தொட்டுப் பிடித்து, பிறகு பட்டனை அமுக்கினேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது. ரிமோட்டுக்குள் இம்மொபிலைசர் சிப் இருக்கிறது, பதிந்த சாவி இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் பூட்டுக்கான சிப் அது; அதற்குப் பற்றரியே தேவையில்லை, வண்டிதான் அதற்கு மின்சாரம் கொடுக்கிறது. பற்றரி மாற்றினால் வண்டியில் உள்ள சாவியின் பதிவும் அழியாது. ஆனால் ஒற்றைச் சாவியோடு வண்டி வாங்கியவர்கள், அது கையில் இருக்கும்போதே இரண்டாவது சாவியைப் பதிந்துகொள்ளுங்கள். இருப்பதும் தொலைந்தால் இம்மொபிலைசரையே மீளமைக்க வேண்டிவரும், செலவு கூடும், அதோடு வண்டியைக் கண்டிவரை இழுத்துப்போகும் கூலியும் சேரலாம்.