கிட்டத்தான்

தபாலதிபர் (கடதாசியைப் பார்த்து வாசிக்கிறார்): அவையோர்க்கு வணக்கம். சென்ற சித்திரை மாதத்தில் நானும் என் பாரியாரும் பரிஸ் மாநகரைத் தோளோடு தோள் சேர நடந்தே பார்த்து மகிழ்ந்தோம்.

மனைவி: அந்த இடத்தில் நிறுத்துங்கள். யாருடைய தோளோடு?

தபாலதிபர்: உம்முடைய தோளோடுதான். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்போகும் கட்டுரையில் வேறு யாருடைய தோளை நான் சேர்க்கமுடியும்?

மனைவி: ஒன்பது நாளும் நீங்கள் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தீர்கள். ஆகவே நான் கண்ட பரிஸ் உங்கள் முதுகுதான். ஈபிள் கோபுரம் உங்கள் இடது தோளுக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. லூவர் நூதனசாலையின் கண்ணாடிக் கூம்பகம் உங்கள் வலது காதோரமாகத் தெரிந்தது.

தபாலதிபர்: வழி தெரிந்தவர் முன்னால் போவதுதான் வழக்கம்.

மனைவி: வழி தெரிந்தவர் என்று இப்போது யாரைச் சொல்கிறீர்கள்?

தபாலதிபர்: இதைக் கேளும். அந்த நகரத்தை 20 வட்டாரங்களாகப் பிரித்து, நடுவில் ஒன்றாம் இலக்கத்தைத் தொடங்கி, நத்தையின் ஓடு சுழல்வதுபோல் வெளிநோக்கிச் சுற்றிச்சுற்றி இலக்கமிட்டிருக்கிறார்கள். சென் நதியை விட்டு விலகிப் போகும் வீதியென்றால் வீட்டிலக்கம் நதிப் பக்கத்திலிருந்து தொடங்கும், நதியோடு சேர்ந்து போகும் வீதியென்றால் தண்ணீர் ஓடும் திசையிலேயே இலக்கமும் ஏறும், ஒற்றைப்படை இடப்பக்கமும் இரட்டைப்படை வலப்பக்கமும் வரும். காலமெல்லாம் தபாற் கந்தோரில் விலாசங்களோடு சீவித்த ஒருவனுக்கு அப்படிப்பட்ட நகரத்தில் வழிகாட்டி எதற்கு?

மனைவி: அவ்வளவு ஒழுங்கான நகரத்தில் வழி தவறுவதற்கு அசாத்தியத் திறமை வேண்டும். அதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தபாலதிபர்: நாம் வழி தவறவில்லை. கொஞ்சம் சுற்றி நடந்தோம்.

மனைவி: நொத்ர டாம் தேவாலயத்தின் முன்னால் நிலத்தில் ஒரு வட்டம் பதித்திருந்தார்களே, அது என்னவென்று சொன்னீர்கள்?

தபாலதிபர்: பிரான்சு தேசத்தின் வீதித் தூரங்களையெல்லாம் அங்கிருந்துதான் அளக்கிறார்கள் என்று சொன்னேன். அது பூச்சியமாவது கிலோமீற்றர்.

மனைவி: ஒரு தேசத்தின் தூரங்களையெல்லாம் அளக்கும் அந்தப் புள்ளியின்மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு, ஈபிள் கோபுரம் எவ்வளவு தூரம் என்று நான் கேட்டதற்கு, "கிட்டத்தான்" என்றீர்கள்.

தபாலதிபர்: கிட்டத்தானே?

மனைவி: நாலு கிலோமீற்றருக்கு மேல். நம் யாழ்ப்பாணத்தில் நல்லூரிலிருந்து கோட்டைக்கு நடப்பதைவிடக் கூடுதலான தூரம். இங்கே சந்திக் கடையில் பாண் வாங்குவதற்கே மோட்டார் சைக்கிளை உதைக்கிற மனிதர் நீங்கள்.

தபாலதிபர்: அங்கே நடப்பதற்கு நடைபாதை இருக்கிறது. இங்கே நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

மனைவி: அதில் ஒன்று உங்களுடையது.

(இந்த இடத்தில் எழுதுகிறவரும் ஒரு சொல் சொல்லியாகவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனங்களை மறித்துவிடுவதால் எல்லோரும் நடந்தே போகிறோம். அப்போது ஓரமாக நின்று பார்த்தால், வேட்டி மடிப்புக் குலையாமல் வெறுங்கையோடு ஓர் ஆண் முன்னே போவதும், அர்ச்சனைத் தட்டு, தண்ணீர்ப் போத்தல், நித்திரையாகிவிட்ட பேரப்பிள்ளை ஆகிய மூன்றையும் சுமந்துகொண்டு ஒரு பெண் பத்தடி பின்னால் வருவதும், அந்த ஆண் திரும்பி நின்று "ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்று கேட்பதும் தெரியும். தபாலதிபர் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனது இந்த நடையைத்தான்.)

தபாலதிபர்: சரி, அடுத்த பந்தியை வாசிக்கிறேன். "புதுப் பாலம் என்று அவர்கள் அழைக்கும் பாலமே அந்நகரில் இன்று நிற்கும் பாலங்களுள் மிகப் பழையது. 1578 இல் தொடங்கி 1607 இல் முடித்தார்கள்." இதைக் கேட்டால் சங்கத்தவர்கள் வியப்பார்கள்.

மனைவி: எதற்கு வியக்கவேண்டும்? நம் வீட்டுப் புது அறையை உங்கள் தகப்பனார் கட்டியபோது நான் இந்த வீட்டுக்கு வரவேயில்லை. அந்தப் பாலத்தின் நடுவில் வளைவு வளைவாகக் கல்லிருக்கைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் இருக்கலாமா என்று கேட்டேன். என்ன சொன்னீர்கள்?

தபாலதிபர்: நினைவில்லை.

மனைவி: "இருக்கிற இடம் கிட்டத்தான்" என்றீர்கள். பச்சை இரும்பில் செய்த அந்தத் தண்ணீர்க்குழாய் மண்டபத்தடியிலும் அதைத்தான் சொன்னீர்கள்.

தபாலதிபர்: வோலஸ் நீரூற்று. 1872 இலிருந்து வைக்கத் தொடங்கியவை, தண்ணீரைக் குடிக்கலாம். நான்கு பெண் சிலைகள் கூரையைத் தலையில் தாங்கி நிற்கும்.

மனைவி: நால்வருடைய கணவன்மாரும் "கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனவர்களாகத்தான் இருக்கும்.

தபாலதிபர்: நீர் பகிடி விடுகிறீர். வாய்க்காற்கரையில் நீர் காணாமற்போன கதையை நான் நாகரிகம் கருதி எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மனைவி: நான் காணாமற்போகவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன். காணாமற்போனவர் நீங்கள்.

தபாலதிபர்: சுவரில் வீதியின் பெயர் எழுதியிருந்தது. அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டுதான் போனேன். "29 யூலை 1881."

மனைவி: அது வீதியின் பெயரா?

தபாலதிபர்: பரிஸ் நகரில் வீதிக்குத் திகதியைப் பெயராக வைப்பதுண்டு. செப்ரெம்பர் 4 என்று ஒரு வீதி இருக்கிறது. அறிவுள்ள எவனும் அப்படித்தான் நினைப்பான். சந்தியில் திரும்பிய பிறகு பார்த்தால் அடுத்த சுவரிலும் அதே திகதி, அதற்கடுத்த பாடசாலை மதிலிலும் அதே திகதி. எந்தச் சுவரடியில் உம்மை விட்டேன் என்று தெரியாமல் ஒரு பொலிஸ்காரரிடம் கொப்பியைக் காட்டினேன். அவர் யூலை 29 என்பதைப் பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு வழி சொன்னார்.

மனைவி: எங்கே அனுப்பினார்?

தபாலதிபர்: லூவருக்குப் பக்கத்தில். அங்கே யூலை 29 வீதி என்று உண்மையாகவே ஒரு வீதி இருக்கிறது. அங்கே ஒன்றரை மணித்தியாலம் உமக்காகக் காத்து நின்றேன்.

மனைவி: அது 1830 ஆம் ஆண்டுப் புரட்சியின் யூலை 29 என்று மகன் சொன்னான். 51 வருடம் பிந்திய திகதியின் கீழே நான் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் எழுதியிருந்தது என்னவென்று இப்போதாவது தெரியுமா?

தபாலதிபர் (மெல்ல): "விளம்பரம் ஒட்டத் தடை. 1881 யூலை 29 ஆந் திகதிச் சட்டம்."

மனைவி: கடதாசி ஒட்டாதே என்று அந்தக் காலத்தில் போட்ட சட்டத்தைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஒழுங்கை மதிலில் சென்ற தேர்தலில் தோற்றவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தாடையின்மேல் யாருடையதோ கண்ணீர் அஞ்சலி. அந்த மதிலடியில் என்னை விட்டிருந்தால், தோற்றவரின் பெயரைச் சொல்லியாவது திரும்பி வந்திருப்பீர்கள்.

தபாலதிபர்: நான் அங்கே தவித்துக்கொண்டிருக்க, நீர் நம் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்.

மனைவி: அரை மணித்தியாலம் நின்று பார்த்தேன். பிறகு எதிரே வந்த ஒரு பெண்ணிடம் "லாச்சப்பல்" என்ற ஒரே சொல்லைச் சொன்னேன். அவள் வாய்க்காலைக் காட்டிக் கையை நீட்டினாள். அதன் கரையோடு நடந்தேன். ஓரிடத்தில் படகு ஒன்று வந்து, பின்னால் கதவை மூடினார்கள், உள்ளே தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியது. படகும், அதில் இருந்த நாயும், கயிற்றைப் பிடித்திருந்த கிழவரும் என் முழங்காலளவிலிருந்து என் கண்ணளவுக்கு உயர்ந்து வந்தார்கள். அந்த நாய் என்னைப் பார்த்தது. எனக்கு முன்னால் ஒருவருடைய முதுகும் இல்லை.

தபாலதிபர்: அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை?

மனைவி: சொல்வதற்கு நீங்கள் கிட்ட வரவேண்டுமே. உங்கள் கபில நிறச் சுவெற்றரின் விலைத்துண்டு கழுத்துக்குப் பின்னால் ஒன்பது நாளும் தொங்கியது, அதையும் நான் சொல்லவில்லை.

தபாலதிபர்: ஒன்பது நாளுமா?

மனைவி: பாதி விலைக்கு எடுத்தது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. கூட்டத்துக்குள் உங்களைக் கண்டுபிடிக்க வசதியாக இருந்தது.

(தபாலதிபர் கடதாசியை எடுத்து, "தோளோடு தோள் சேர" என்பதை வெட்டிவிட்டு, நெடுநேரம் யோசித்து, "ஏறக்குறைய ஒன்றாக" என்று எழுதினார்.)

தபாலதிபர்: கூட்டத்துக்கு நேரமாகிறது. மண்டபம் கிட்டத்தான், நடந்தே போவோம். என் சட்டைக்குப் பின்னால் இப்போது ஏதேனும் தொங்குகிறதா என்று பாரும்.

மனைவி: இங்கிருந்து தெரியவில்லை. நில்லுங்கள், கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

(நின்றார் என்பது உண்மை. படலைக்கு வெளியே, பத்தடி தள்ளி நின்றார்.)