ஃபைபர் வள்ளத்தில் லைஃப் ஜாக்கெட்டுக்கு ஓர் இடம் விடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் எந்த ஃபைபர் வள்ளத்தில் வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள். வலைக்கு இடம் இருக்கும், ஐஸ் பெட்டிக்கு இடம் இருக்கும், எஞ்சினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டால்தான் தடுமாற்றம். ஒருவர் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தைக் கைகாட்டுவார், இன்னொருவர் வலைக்கு அடியில் துழாவுவார், சிலர் "அது வீட்டில கெடக்கு" என்பார்கள். இதைப் பார்த்துவிட்டு மீனவனுக்கு உயிர்மேல் அக்கறை கிடையாது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். வள்ளத்தைச் செய்கிறபோதே அதற்கு யாரும் இடம் விடவில்லை. கோளாறு அங்கே தொடங்குகிறது.

25, 30 அடி நீளம், மேலே மூடாத வள்ளம், மூன்று நான்கு ஆட்கள். அதற்குள் வலை, மிதப்பு, ஈயக்குண்டு, நங்கூரம், கயிறு, மண்ணெண்ணெய் கேன், பெட்ரோல் கேன், ஐஸ் பெட்டி, குடிதண்ணீர், சோறு, ஜிபிஎஸ், பேட்டரி, டார்ச், துடுப்பு. திரும்பி வரும்போது மீன் வேறு. எதை எங்கே வைப்பது என்பது அன்றைக்கு யார் முதலில் ஏறினார்களோ அவர்கள் விருப்பம் என்றுதான் பல இடங்களில் நடக்கிறது.

கட்டுமரக் காலத்தில் இப்படி இல்லை. கட்டுமரத்தில் சுவரே கிடையாது, அலை மேலேறி ஓடும். கட்டாத சாமான் கடலுக்குப் போய்விடும் என்பதால் மீன் போடும் பறி, துடுப்பு, தண்ணீர்க் குடுவை என்று எல்லாவற்றையும் கட்டித்தான் வைத்தார்கள். மரம் கவிழ்ந்தாலும் மிதக்கும், புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம், சாமானும் கூடவே இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளங்கள் கரை முழுக்க வந்து இறங்கின. இதற்குச் சுவர் உண்டு, உள்ளே போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும் என்ற நம்பிக்கை வந்தது. கட்டி வைக்கிற பழக்கம் அத்தோடு தளர்ந்துபோனது. என்னைக் கேட்டால், வள்ளம் மாறியதில் நாம் இழந்தது இந்தப் பழக்கத்தைத்தான்.

உள்ளே போட்டது அங்கேயே கிடக்காது என்பது முகத்துவாரத்தில் தெரியும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாசலிலும், பக்கத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்து முதலைப்பொழியிலும் வள்ளம் கவிழ்ந்து ஆள் செத்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். வாசலில் மணல் சேர்ந்து ஆழம் குறைந்தால் அலை அங்கே திடீரென்று எழும்பி உடையும். மணலை அள்ளாதவர்களைக் கேள்வி கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் வள்ளம் சரியும் அந்த நேரத்தில் உள்ளே நடப்பதையும் பேச வேண்டும். ஈரவலை மொத்தமாக ஒரு பக்கம் சரிகிறது. உள்ளே நிற்கும் தண்ணீரும் அதே பக்கம் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால் நிமிர வேண்டிய வள்ளம் நிமிராது. கவிழ்ந்த பிறகு அதே வலை ஆள்மேல் விழுகிறது. மெல்லிய நைலான் நரம்பில் பின்னிய தங்கூசி வலைக்குள் கால் மாட்டினால் எவ்வளவு நீச்சல் தெரிந்தவரும் திணறிப்போவார். லைஃப் ஜாக்கெட் அந்த வலைக்கு அடியில் இருந்தால் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அதனால் வலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வலை வள்ளத்தின் நடுவில், தாழ்வாக, குறுக்குப் பலகைகளுக்கு இடையில் தடுத்த ஓர் அறைக்குள் இருக்கட்டும். மிதப்புக் கயிறு ஒரு பக்கம், ஈயக்கயிறு மறுபக்கம் என்று அடுக்கினால் விடும்போது சிக்கில்லாமல் போகும். ஓடும் கயிற்றில் கால் மாட்டி ஆளோடு கடலுக்குள் போகிற ஆபத்தும் குறையும். வேலை முடிந்ததும் மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டிவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் நைலான் சீக்கிரம் இற்றுப்போகும் என்பதால் வலைக்கும் அது நல்லது. நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டி மீன் பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டில்காரர்களிடம் இந்த ஒழுங்கு இன்றைக்கும் உண்டு. கூடைக்குள் கயிற்றைச் சுருட்டி, விளிம்பில் ஒவ்வொரு முள்ளாக வரிசையாகக் குத்தி வைத்திருப்பார்கள். முள் கையில் ஏறும் என்ற பயம் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது.

எரிபொருளில் நாம் காட்டும் அலட்சியம் எனக்குப் புரியவே இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பிவிட்டு அப்புறம் மாற்ற வேண்டும். ஆக இரண்டு கேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, பல வள்ளங்களில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் வள்ளத்தின் அடியில் தங்கும். பேட்டரி முனையில் ஒரு பொறி போதும். பேட்டரியைத் தனியாக உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். பெட்ரோல் கேனின் கைப்பிடியில் ஒரு துண்டுக் கயிறு சுற்றிவிட்டால் இருட்டிலும் கைக்கு வித்தியாசம் தெரியும்.

நங்கூரம் அணியத்தில், கயிற்றின் நுனி வள்ளத்தோடு கட்டப்பட்டு, மேலே எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுக்கு அருகில் எஞ்சின் நின்றுபோனால் நங்கூரம் ஒன்றுதான் கை கொடுக்கும். பின்பக்கம் அமரத்தில் எஞ்சின் பிடிப்பவருக்குக் கை எட்டும் தூரத்தில் ஒரு கத்தி வேண்டும். ஜிபிஎஸ், டார்ச், போன் எல்லாம் மூடி உள்ள பெயின்ட் வாளியில் இருந்தால் தண்ணீர் ஏறாது, கடலில் விழுந்தாலும் மிதக்கும். அதே வாளி மூடியில் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது காற்றறை. ஃபைபர் வள்ளத்தில் மூடி அடைத்த அறைகள் இருக்கும். சிலவற்றில் தெர்மாகோலும் அடைத்திருப்பார்கள். வள்ளம் கவிழ்ந்தாலும் முங்காமல் மிதப்பது அதனால்தான். இடம் போதவில்லை என்று அந்த அறையை வெட்டித் திறந்து, ஒரு மூடி போட்டு, கயிறும் கேனும் வைக்கிற வேலை கண்ணெதிரே நடக்கிறது. அந்த மூடி தண்ணீரைத் தடுக்காது. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வந்தபோது கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்து கிடந்து உயிரோடு கரை வந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தாங்கியது அந்த அறைக்குள் இருந்த காற்று. அதை வெட்டித்தான் சாமானுக்கு இடம் செய்ய வேண்டும் என்றால், ஒரு சாமானைக் கரையில் விட்டுவிட்டுப் போகலாம். காற்றறையில் கத்தி வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, லைஃப் ஜாக்கெட். "அதப் போட்டுட்டு வலை இழுக்க முடியாது மக்கா" என்று மூத்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திட்டங்களில் கிடைக்கும் ஜாக்கெட்டுகளில் பல பருமனானவை. கொக்கியில் வலை மாட்டும், வேர்த்துக் கொட்டும். வாங்கிக் கொடுக்கிற அதிகாரிகள் ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு ஈரவலையை இழுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் நல்லது. அதுவரைக்கும் குறைந்தபட்சம் முகத்துவாரத்தைத் தாண்டும்போதாவது போகையிலும் வருகையிலும் உடம்பில் இருக்கட்டும். அதற்கு அது ஒவ்வொருவரும் நிற்கிற இடத்திலேயே, வேறு எதற்கும் அடியில் இல்லாமல், ஓர் இழுப்பில் வருகிற மாதிரி இருக்க வேண்டும்.

படகு கட்டும் யார்டுகளிடம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உள்சுவரில் ஆளுக்கு ஒரு தட்டு, சாமான் கட்டுவதற்கு விளிம்புக்குக் கீழே வரிசையாக வளையங்கள், வலைக்கு ஒரு தடுப்பு. அச்சிலேயே இதைச் சேர்த்துவிட்டால் பிறகு தனிச் செலவு அதிகம் இருக்காது. மானியத்தில் வள்ளம் கொடுக்கும்போது நீளமும் எஞ்சின் குதிரைசக்தியும் எழுதுகிற தாளில் இதையும் ஒரு நிபந்தனையாக மீன்வளத்துறை எழுதலாம். புது மாதிரி வரைவதற்கு முன்னால் கடலுக்குப் போகிற நாலு பேரை வள்ளத்துக்குள் நிற்கவைத்துக் கேட்க வேண்டும். எது எங்கே இருந்தால் கைக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வள்ளங்களுக்கு ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்து வள்ளம் கரையில் ஏறிக் கிடக்கிற நாட்கள் போதும். எப்படியும் அப்போது ரெசின் பசையும் ஃபைபர் மேட்டும் வாங்கி அடியை ஒட்டுவோம். அதில் மிஞ்சுவதை வைத்தே உள்சுவரில் வளையங்களைப் பதித்துவிடலாம். பழைய வலைத்துண்டைப் பைபோல அந்த வளையங்களில் இழுத்துக் கட்டினால் ஜாக்கெட் அதில் நிற்கும், நனைந்தாலும் தண்ணீர் வடிந்துவிடும். முதல் பை அமரத்தில் இருப்பவருக்கு. அவர்தான் கடைசிவரை எஞ்சினை விட்டு நகர முடியாதவர்.