ஐஸை விட்ட பிள்ளையிடம் போனைப் பற்றியும் கேளுங்கள்

சித்தியின் மகன் ஐஸ் என்ற போதைப்பொருளை நிறுத்தி நாற்பதாம் நாள் வீட்டில் பொங்கிப் படைத்தார்கள். பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அன்றிரவு நானும் அங்கேதான் படுத்தேன். இரண்டு மணியிருக்கும், விழித்துப் பார்த்தால் அவனுடைய நுளம்பு வலைக்குள் வெளிச்சம். கிட்டப் போனேன். வெடித்த போன் கண்ணாடிக்குள் ஒரு சின்ன விமானம் ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இலக்கம் கூடுகிறது: 1.4, 1.9, 2.6. விமானம் மறைய முதல் விரலை வைத்தால் கட்டிய காசு அத்தனை மடங்கு. பிந்தினால் எல்லாம் போச்சு. போன கையோடு அடுத்த விமானம். நான் பக்கத்தில் நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் கணக்குப் பார்த்தோம். சித்தியின் தாலிக்கொடி அடகில். மோட்டார் சைக்கிள் புத்தகம் யாரோ ஒருவரிடம். வட்டிக்கு வாங்கியது வேறு. ஐஸுக்குப் போனது அதில் கொஞ்சம்தான். மிச்சம் முழுக்க அந்த விமானச் சூதில் பெட் கட்டிப் போன காசு.

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வரைக்கும் எந்தச் சந்தியில் நின்றாலும் ஐஸைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. போன் சூது மட்டும் 'பெடியன் கேம் விளையாடுறான்' என்ற கணக்கில் போய்விடுகிறது. இரண்டும் ஒரே முடிச்சு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐஸ் என்பது மெத்தம்பெட்டமின். மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தை அளவுக்கு மீறிக் கொட்ட வைக்கும். 'இன்னொருக்கா, இன்னொருக்கா' என்று ஆளைத் தள்ளுவதில் டோபமினுக்குப் பெரிய பங்கு உண்டு. வெல்வேனா தோற்பேனா என்று காத்திருக்கும் அந்த நொடியும் மூளையில் அதே பாதையைத்தான் தொடுகிறது. பார்க்கின்சன் நோய்க்கு டோபமின் போல வேலை செய்யும் சில மருந்துகள் இருக்கின்றன. முன்பு சூதின் பக்கமே போகாத சிலர் அந்த மருந்து தொடங்கியபின் சூதாட்டத்தில் விழுந்ததை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அது அடங்கியும் இருக்கிறது. அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேடு 2013இல் சூதாட்ட நோயைப் போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. ஆகவே தயவுசெய்து 'காசாசை பிடிச்சவன்' என்று பிள்ளையைத் திட்டாதீர்கள்.

ஐஸ் பாவிக்கிறவர் இரண்டு மூன்று இரவு தூங்காமல் இருப்பார். அந்த நேரத்தில் ஊரில் கடை இல்லை, ஆள் இல்லை, கையில் போன் மட்டும் இருக்கிறது. அப்புறம் ஐஸ் இறங்கும். உடம்பு அடித்துப் போட்டது போலாகும், எல்லோர் மேலும் சந்தேகம் வரும், வாழ்ந்து என்ன என்று மனம் சொல்லும். அதே காலையில் கடன் கொடுத்தவனின் அழைப்பும் வரும். எனக்குப் பெரும் பயம் அந்தக் காலைதான். யுத்தம் முடிந்த 2009 மேயில் ஐந்து வயது, எட்டு வயதில் எல்லாவற்றையும் பார்த்த பிள்ளைகள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் யுத்தத்தையே காரணம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டுதான் இவர்களில் பலர் இதற்குள் போகிறார்கள்.

முதல் தடவை நாங்கள் சிகிச்சைக்குப் போன இடத்தில் ஐஸைப் பற்றி எல்லாம் விசாரித்தார்கள். சூதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரண்டே கேள்வி போதும். கட்டும் காசைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் போல இருந்ததா? எவ்வளவு விளையாடுகிறாய் என்று வீட்டாருக்குப் பொய் சொன்னாயா? ஒன்றுக்கு ஓம் என்றாலும் விடாமல் மேலே விசாரிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு ஒன்று. கனடாவில் இருந்து மாமா பாசத்தில் முழுக்கடனுக்கும் காசு போட்டார். இரண்டு கிழமையில் அதுவும் விமானத்தோடு போய்விட்டது. உதவுங்கள், கட்டாயம் உதவுங்கள். ஆனால் காசை அவன் கையில் கொடுக்காமல் அடகுக் கடைக்கு நேரே கட்டுங்கள்.

சித்தி முதலில் வைத்தியசாலைக்கு வரவே மறுத்தார். 'புனர்வாழ்வு' என்ற சொல்லுக்கே பயம். 2009இல் சரணடைந்தவர்களை வைத்திருந்த முகாம்களின் பெயரும் அதுதானே. 5 கிராமுக்கு மேல் ஐஸ் வைத்திருந்தால் ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ என்று 2022இல் சட்டம் வந்தபின் அந்தப் பயம் இன்னும் கூடியது. கடைசியில் இருவரையும் நானே மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். யாரும் பொலிஸைக் கூப்பிடவில்லை. மூன்றாம் முறைதான் அவன் வாய் திறந்தான், முதலில் சொன்னது தாலிக்கொடியைப் பற்றி.

இப்போது பட்டன் போன்தான் வைத்திருக்கிறான். வங்கி அட்டை சித்தியிடம். நடுவில் ஒரு தடவை வழுக்கினான், அன்றே வந்து சொன்னான்.

நேரில் போகத் தயங்குகிறவர்கள் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். போதைப்பொருளுக்கென்றால் 1927. கிளிநொச்சிப் பக்கம் கூட வர ஆள் இல்லையென்றால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், வருகிறேன்.