கசட்டு வாயு அடுப்பில் கிருமி வராது
"கழிவுநீர்க் கசட்டோடு பழச்சாறு ஆலைக் கழிவைக் கலந்து எடுக்கும் வாயுவில் சமைத்தால் மலக்கிருமி சோற்றில் இறங்கும்" என்ற குரல்பதிவு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

காற்றுப் புகாத தொட்டியில் கசடு சிதையும்போது பிரிவது பெரும்பாலும் மீத்தேனும் காபனீரொட்சைட்டும். அடுப்பில் எரிவது மீத்தேன். சாண எரிவாயுவிலும் அதுவேதான். கிருமி எதுவும் அந்தச் சுடரில் பிழைக்காது. கசட்டில் நைதரசன் அதிகம், பழச்சாறு ஆலைக் கழிவான அன்னாசிச் சக்கையில் காபன் அதிகம். சேர்த்தால் வாயு கூடுதலாகக் கிடைக்கும். கலப்பது அதற்காகவே. இவ்வளவு பயனுள்ள முயற்சியைப் பயத்தால் ஒதுக்குவது வருத்தம் தருகிறது.

கவனம் வேண்டியது தொட்டியில் மிஞ்சும் கசட்டுக்கே. அதில் கிருமி இருக்கலாம். பதப்படுத்தாமல் கீரைப் பாத்திக்கு இடக்கூடாது.

சந்தேகமிருந்தால் ஏக்கலவில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையத்திடம் கேளுங்கள். அந்தப் பதிவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.