நீங்கள் பார்த்தது ஒரு இலை

ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டுப் பந்தியில் எடுத்த அந்தப் போட்டோவையும் அதன் கீழே நடந்ததையும் உங்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்காக மறுபடியும் இங்கே ஒட்டப் போவதில்லை. எனக்குப் பிசிஓடி, மாதவிடாயைத் தள்ளிப் போடுகிற ஹார்மோன் கோளாறு. என் இலையைப் பார்த்து, இப்படிச் சாப்பிட்டால் அது எப்படிச் சரியாகும் என்று மதினி கீழே கமென்ட் போட்டிருந்தார்கள். மதினி அந்தக் கமென்டை அழித்துவிட்டார்கள். நானும் கல்யாண வீடு என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி வரை இன்பாக்ஸில் "ஏட்டி, எதுக்கு இவ்வளவு கோவம், அக்கறையிலதான சொன்னா" என்று ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

என் இலையில் இருந்தது சொதி. கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ், அவியல். சோறு எவ்வளவு இருந்தது என்று யாராவது பார்த்தீர்களா? ஒரு கரண்டி. சொதியை இரண்டு தடவை வாங்கினேன், அது உண்மைதான். தேங்காய்ப்பால்தான், தெரியும். மூன்று பாலும் எடுத்து ஊற்றித்தான் திருநெல்வேலியில் சொதி வைப்பார்கள். தண்ணீரைக் கலந்து வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பேச்சைப் பேரன் பேத்தி எடுக்கும் வரை பேசுவார்கள். எங்கள் சொந்தத்தில் வருஷத்துக்கு இரண்டு மூன்று கல்யாணம் வந்தால் அதிகம். அந்த வாரத்தில் நான் சாப்பிட்ட மற்ற இருபது வேளைகளை யாரும் போட்டோ எடுக்கவில்லை. நீங்கள் பார்த்தது ஒரு இலை.

அந்த இருபது வேளையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் இரண்டு இட்லி, கிண்ணம் நிறையச் சாம்பார், ஊறவைத்த பாசிப்பயறு. ஒரு காலத்தில் ஆறு இட்லி தின்றவள் நான், அதையும் மறைக்கவில்லை. மத்தியானம் ஒரு டம்ளர் அளந்து சோறு, அதைவிட அதிகமாகக் கீரையோ அவரைக்காயோ, அப்புறம் தயிர். சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி எட்டு மணிக்குள் இரண்டு தோசை. கருப்பட்டிக் காபியைக்கூட விட்டாயிற்று. "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது, சீனிதான் கெடுதல்" என்று எங்கள் ஊரில் சத்தியம் செய்வார்கள். ரத்தத்துக்குப் போனால் அதுவும் சர்க்கரைதான், பனைமரத்தில் இருந்து வந்தது என்று ரத்தத்துக்குத் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள் காலை ஐந்தரைக்கு வண்ணார்பேட்டையில் கிளம்பி, கொக்கிரகுளம் வழியாக ஆற்றுப்பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்பி வருகிறேன், ஐம்பது நிமிஷம். அந்த நேரத்தில் பாலத்தின் மேல் என்னையும் பால்காரர்களையும் தவிர யாரும் இருப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அதற்குச் சாட்சி கிடையாது.

எட்டு மாதத்தில் 82 கிலோ 77 ஆனது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் உடம்பு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்கும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். எனக்கு எழுபது, எண்பது நாள் என்று தள்ளிப் போனது இப்போது நாற்பது நாளுக்குள் வருகிறது. அந்த ஐந்து கிலோ போட்டோவில் தெரியாது. என் காலண்டரில் தெரியும்.

சரி, இப்போது அந்தக் கமென்டுக்கு வருகிறேன். "இப்படிச் சாப்பிட்டா பிசிஓடி எப்படிச் சரியாகும்", கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மூன்று பொம்மை. நான் தின்று தின்று இதை வரவழைத்துக்கொண்டேன் என்பதுதானே அதன் அர்த்தம்? பிசிஓடி, டாக்டர்கள் பிசிஓஎஸ் என்று எழுதுவது, சொதி தின்று வருவதில்லை மதினி. பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. கேட்காததால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து தள்ளுகிறது. அந்த அதிகப்படி இன்சுலின் போய் ஆண் ஹார்மோனைக் கூடச் சுரக்கும்படி சினைப்பையைத் தூண்டுகிறது. அந்த ஹார்மோனைப் பிடித்துக் கட்டி வைக்கிற புரதத்தையும் கல்லீரல் குறைத்துவிடுகிறது. முட்டை பாதி வளர்ந்து நின்றுவிடும், மாதவிடாய் தள்ளும், தாடையில் முடி முளைக்கும், வயிற்றில் கொழுப்பு சேரும். சேர்ந்த கொழுப்பால் உடம்பு இன்னும் செவிடாகும். செக்குமாடு மாதிரி ஒரே வட்டம். இதில் எடை காரணமா, விளைவா என்று கேட்டால் இரண்டும்தான்.

இதில் நம்பிக்கை இல்லை என்கிறவர்கள் என் சித்தி மகளைப் பாருங்கள். 46 கிலோ. அவளுக்கும் இதேதான், என்னைவிட அதிகமாகவே. இதைக் கண்டுபிடிக்க 2003-ல் நெதர்லாந்தில் இருக்கிற ராட்டர்டாமில் டாக்டர்கள் கூடி ஒரு கணக்கு வகுத்தார்கள். முட்டை ஒழுங்காக வெளியேறாமை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் சின்னச் சின்ன முட்டைப் பைகள் நிறைந்து தெரிகிற சினைப்பை, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ். அந்தக் கணக்கில் எடை என்ற சொல்லே கிடையாது. அவள் பந்தியில் உட்கார்ந்தால் "இன்னும் ரெண்டு கரண்டி வைங்க, பிள்ளை ஓடாத் தேஞ்சு போச்சு" என்பார்கள். நான் உட்கார்ந்தால் பரிமாறுகிறவரின் கரண்டியே என் இலை மேல் வந்ததும் ஒரு நொடி நிற்கிறது. ஒரே நோய். அவள் இலையும் தப்பு, என் இலையும் தப்பு.

கழுத்தைப் பற்றி இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் பிடரி கறுக்கத் தொடங்கியது. அழுக்கு என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தார்கள். ஆச்சி பயத்தமாவு, அம்மா எலுமிச்சைத் தோல், அத்தை பீர்க்கங்காய் நார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தோல் சிவந்து எரியும் வரை தேய்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் பின் வரிசைக்காரிகள் பார்த்துவிடக் கூடாது என்று ரெட்டைச் சடையைப் பின்னால் தொங்கவிட்டே இருப்பேன். இன்சுலின் அதிகமாக இருப்பதற்கு அதுதான் தோலில் தெரியும் அடையாளம், தேய்த்தால் போகாது என்று ஒரு தோல் டாக்டர் சொன்னபோது எனக்கு வயது 23. எட்டு வருஷம் நாரால் தேய்த்திருக்கிறோம். அன்றைக்கு யாருக்கும் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் அக்கறைதான், அதுதான் பிரச்சினையே.

"டாக்டரே எடையைக் குறைக்கத்தான சொல்லுதாங்க?" சொல்கிறார்கள். முதன்முதலில் ஸ்கேன் பார்த்த இடத்தில் ரிப்போர்ட்டை மேசையில் இருந்து தள்ளிவிட்டு "வெயிட்டைக் குறைச்சுட்டு வா" என்று அந்த ஒரே வரியைத்தான் சொன்னார்கள், எப்படிக் குறைப்பது என்பதற்கு அவர்களிடம் நேரம் இல்லை. இப்போது பார்க்கிற டாக்டர் அப்படி இல்லை. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலை எனக்கு விளக்கினதே அவர்தான். பிசிஓஎஸ்-க்கு இந்த டயட்தான் உசத்தி என்று எதையும் சொல்ல ஆதாரம் இல்லை, ஒருத்தியால் விடாமல் கடைப்பிடிக்க முடிகிற சத்தான சாப்பாடுதான் வேண்டும் என்று அதில் இருக்கிறது. எடையைப் பற்றிப் பேசும் முன்பு டாக்டர் அனுமதி கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. டாக்டருக்கே அனுமதி வேண்டுமாம். மதினிக்கு வேண்டாம்.

கடைப்பிடிக்க முடியாத டயட் எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் யூடியூபைப் பார்த்து அரிசியை அடியோடு நிறுத்தினேன். சைவ வீட்டுப் பெண், ஆபீஸ் பைக்குள் அவித்த முட்டையை ஒளித்துக்கொண்டு போய் மாடிப்படியில் நின்று தின்றேன். நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ போனது. அப்போது இதே ஆட்கள் "ஆளே மாறிட்டியே, என்ன ரகசியம்" என்று வந்து வந்து கேட்டார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதை ஒருத்தரும் கேட்கவில்லை. ஆச்சி செத்த பதினாறாம் நாள் ஒரு வாய் சோறு தின்றேன், அதோடு எல்லாம் உடைந்தது. அடுத்த வருஷத்துக்குள் பதினொரு கிலோ திரும்பி வந்தது. கேப்பை, கம்பு என்று கிளம்பின கதையும் உண்டு. கேப்பையைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் அதுவும் சர்க்கரையை வேகமாக ஏற்றும், நான்கு கம்பு தோசை என்றால் அது நான்கு தோசைதான்.

நாட்டு மருந்துக்காரர்களும் வந்துவிட்டார்கள். நீர்க்கட்டி கரைய மலைவேம்புச் சாறாம். அதைக் கட்டி என்று சொல்வதே சரியில்லை. ஸ்கேனில் தெரிவது வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள்தான். 1935-ல் சிகாகோவில் ஸ்டீன், லெவந்தால் என்று இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய நாளில் இருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இல்லாத கட்டியைக் கரைக்க 48 நாள் கழற்சிக்காய்ப் பொடியும் மிளகும் மோரில் கலக்கிக் குடித்தவள் நான், என்னிடமே பாடம் எடுக்காதீர்கள். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

"பின்னால சுகர் வந்துரும்லா?" வரலாம். அப்பாவுக்கே இருக்கிறது. வருஷா வருஷம் அந்தத் தித்திப்புத் தண்ணீரைக் குடித்து இரண்டு மணி நேரம் லேபில் உட்கார்ந்து டெஸ்ட் எடுக்கிறேன். வேறு என்ன வேண்டும்?

"இதையெல்லாம் ஃபேஸ்புக்கில் எழுதலாமா, பொம்பளப் பிள்ளை" என்று ஒரு சித்தப்பா கேட்டிருக்கிறார். நான் எழுதவில்லை சித்தப்பா. மதினி எழுதினார்கள். எனக்கு என்ன வியாதி என்று முந்நூறு பேர் பார்க்கிற இடத்தில் எழுதியது அவர்கள். போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டில், காபி குடித்து முடிக்கும் முன்பே மாப்பிள்ளையின் அம்மா "மாசா மாசம் ஒழுங்கா வருதாம்மா?" என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் திறக்கவில்லை. நான் வாய் திறந்தேன், சம்பந்தம் நின்றது. அதற்கும் என் எடைதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். இனி வருகிறவர்கள் கேட்கக்கூட வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் போட்டோவைப் பார்த்துவிட்டே வரலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. அதில் 70 சதவீதம் வரை இன்னும் கண்டுபிடிக்கப்படாமலே இருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வரிசையில் அந்த வயதுப் பெண்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்காவது இருந்திருக்கும். அந்த இன்னொருத்தி அந்தக் கமென்டைப் படித்திருப்பாள். இனி அவள் டாக்டரிடம் போவாளா, இல்லை பந்திக்கு வராமல் அடுக்களையிலேயே நின்றுகொள்வாளா?

உண்மையைச் சொன்னால் மதினி மேல் எனக்குக் கோபம் இவ்வளவு கிடையாது. அவர்கள் யாரைத்தான் விட்டார்கள். அந்தக் கமென்டுக்கு பதினாறு பேர் லைக் போட்டிருந்தார்கள். மதினி அழிக்கும் முன்பு யார் யார் என்று ஒவ்வொரு பேராகப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. நான்காவது பேர் அம்மா.

அம்மாவுக்கு மொபைல் சரியாகப் பார்க்கத் தெரியாது. வாசிக்கும்போது விரல் எங்கேயாவது பட்டுவிடும், ஒரு தடவை துக்க செய்திக்குச் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறாள். அப்படித்தான் பட்டிருக்கும். எனக்கு ஒரு டம்ளர் சோறு அளந்து வைப்பதே அவள்தான், காலையில் ஐந்தே காலுக்கு எழுப்பி விடுவதும் அவள்தான். அவளுக்கு அந்த இருபது வேளையும் தெரியும்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுக்களையில் இருந்து "உளுந்து ஊறப் போட்டாச்சா?" என்று சத்தம் கொடுக்கிறாள். போட்டாச்சு என்றேன்.