தெரிந்தவர் மரத்தடியில், தெரியாதவன் மைக்கில்

ஆளுக்கு 3,500 ரூபாய். அதைக் கட்டிவிட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். பதமான வார்த்தை எதிர்பார்ப்பவர்கள் இப்போதே கிளம்பலாம்.

மட்டக்களப்பில், பாசிக்குடாப் பக்கம் ஓர் இடத்தில் ‘கள்ளு டூர்’ நடத்துகிறார்கள். பெயர் வேண்டாம். பனையில் கள் இறக்குவதைக் காட்டுவார்களாம், அது எப்படிப் புளிக்கிறது என்று வழிகாட்டி விளக்குவாராம், கடைசியில் குடிக்கவும் தருவார்களாம். கனடாவிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் அங்கே சின்னச் சின்ன பியர் ஆலைகளைத் தேடிப் போய்ப் பார்க்கிறவன். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உள்ளங்கையில் கொட்டி ‘மென்று பார்’ என்பார்களாம். பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுக்கிற ஹொப்ஸ் பூவைக் கசக்கி மூக்கருகே நீட்டுவார்களாம். பியர் காய்ச்சுகிறவரே ரப்பர் பூட்ஸோடு வந்து நின்று, எந்தத் தொட்டியில் எப்போது புளிக்க வைக்கிற ஈஸ்ட்டை விட்டார், இன்னும் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்று கதைப்பாராம். “நம்மட ஊரிலயும் அப்படி ஒண்டு தொடங்கிட்டாங்க, வா போவம்” என்று அவன்தான் இழுத்துக்கொண்டு போனான்.

வரச்சொன்ன நேரம் காலை 10 மணி. கள்ளுக்காகப் பாளையை, அதாவது பனையின் பூங்குலையை, சீவுவது காலையும் பின்னேரமும் நடக்கிற வேலை. சீவல்காரர் விடியற்காலையில் ஏறி இறங்கி, கள்ளைக் கொடுத்துவிட்டு, பழஞ்சோறும் சாப்பிட்டு முடித்துவிடுவார். பத்து மணி வெயிலில் யார் மரத்தில் இருப்பார்? ஆனால் இங்கே ஒருவரை இருக்க வைத்திருந்தார்கள். அறுபது வயது தாண்டிய மனிதர். மரத்தைக் கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்தே நெஞ்சுத் தோல் கருத்துத் தடித்துப் போயிருந்தது. காலில் தளைநார், இடுப்பில் பாளைக் கத்தி. இறக்குவதற்கு மேலே ஒரு துளி கள் இல்லை.

வழிகாட்டிப் பொடியன் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு, “பெரிசு, ஏறு” என்றான். அவர் ஏறினார். எல்லாரும் படம் பிடித்தார்கள். “பெரிசு, இறங்கு.” இறங்கினார். பிந்தி வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடிக்காக இன்னொரு முறை ஏறவிட்டான். எனக்கு அங்கேயே கொதித்துவிட்டது.

அப்புறம் விளக்கம் தொடங்கியது. முழுக்க இங்கிலிஷ். வந்தவர்களில் பாதிக்கு மேல் தமிழர், அவனும் தமிழன், நிற்பது மட்டக்களப்பு மண்ணில். சரி, இங்கிலிஷிலாவது உருப்படியாகச் சொன்னானா? கள் சொட்டுகிற பானைக்குள், அதுதான் முட்டிக்குள், ஈஸ்ட் தூள் போட்டால்தான் கள் புளிக்குமாம். கள் வெள்ளையாக வருவதற்காகச் சுண்ணாம்பு பூசுவார்களாம். ஆண் பனையில் கள் வராதாம். மூன்றும் பச்சைப் பிழை. மைக்கில் சொன்னால் பிழை சரியாகிவிடும் என்று யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்ததோ!

நான் அந்த ஐயாவிடமே கேட்டேன்: “ஐயா, ஈஸ்ட் போடுறீங்களா?”

அவர் சிரித்தார். “நாங்க ஒண்டும் போடுறல்ல மனே. முட்டியில விழ விழவே பொங்கிரும். அதுக்கு ஆர் என்ன போட வேணும்?”

எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள். காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் உள்பக்கத்திலும் ஈஸ்ட் தானாகவே இருக்கிறது. இனிப்பான சாறு சொட்டத் தொடங்கியதுமே அது வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள், ஒரு நாள் கடந்தால் வினாகிரி. பியர்காரனுக்கு நாட்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கிற காரியம் இங்கே வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் பொங்குதலைத் தடுத்து, சாற்றைக் குடிக்க இனிப்பாக வைத்திருக்கத்தான் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு. கள் வேண்டுமென்றால் சுண்ணாம்பு கிடையாது. பனை ஆணா பெண்ணா என்று அது பன்னிரண்டு, பதினைந்து வருஷம் வளர்ந்து பூத்த பிறகுதான் தெரியும். இரண்டிலும் சீவலாம், பாளையை நசுக்கிப் பக்குவப்படுத்துகிற விதம்தான் வேறு. இதையெல்லாம் ஐயா கையைக் காட்டிக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். கத்தியை எடுத்து, பாளை நுனியில் எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும் என்று கட்டைவிரல் நகத்தைத் தொட்டுக் காட்டினார். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். மச்சானின் மகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

உடனே மைக் வந்தது. “அண்ணே, கேள்வியெல்லாம் கடைசியில. பெரிசு, நீங்க கொஞ்சம் அங்கால நில்லுங்க.”

அங்கால நிற்க வேண்டியவன் நீயடா தம்பி!

கடைசியில் என்றானே, அந்தக் கடைசி இன்னும் மோசம். ‘சுவைத்தல்’ என்று ஒரு மேசை. பிரிட்ஜுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் போத்தல் வந்தது. எந்த மரத்துக் கள், எப்போது இறக்கியது, ஒன்றும் இல்லை. கடதாசிக் கப்பில் இரண்டு மிடறு. அந்த 3,500 ரூபாயைத் தவறணையில், அதுதான் கள்ளுக்கடையில், வைத்தால் கூட வந்த அத்தனை பேரும் வயிறு முட்டக் குடித்துவிட்டு மிச்சக் காசும் வாங்கியிருக்கலாம்.

அதையும் எல்லாருக்கும் கொடுத்தானா? வெள்ளைக்காரப் பெண்கள் இருவருக்கும் குனிந்து நீட்டினான். என் அக்கா கை நீட்டியதும், “அக்கா, உங்களுக்கு இளநீர் இருக்கு” என்றான். அவளும் அதே 3,500 கட்டியவள். கேட்டால் சட்டமாம். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979இல் ஒரு விதி வந்தது உண்மைதான். 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை எடுத்ததும், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னதும் நாடே பார்த்த கூத்து. அந்த விதியே ஒரு அநியாயம் என்பது என் கட்சி. அதை விடுவோம். சட்டம் என்றால் அந்த இரண்டு பெண்களுக்கும் சட்டம்தானே? என் அக்காவின் தோலைப் பார்த்து மட்டும் எப்படி ஞாபகம் வந்தது? அக்கா இளநீரை வாங்கவில்லை. எழும்பிப் போய் வான் வண்டியில் ஏறிவிட்டாள்.

குடியை வளர்க்கிறாயா என்று கேட்க வருகிறவர்களுக்கு ஒன்று. கல்குடாவில் எத்தனோல் ஆலை வேண்டாம் என்று 2017இல் சத்தம் போட்டவர்களோடு நானும் சேர்ந்தவன்தான். இங்கே பல வீடுகளை சாராயம் என்ன செய்திருக்கிறது என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது கள் அல்ல. காசு வாங்கிக்கொண்டு ஒரு தொழிலைக் காட்டுகிறேன் என்றால் அந்தத் தொழிலைக் காட்டு என்கிறேன்.

புறப்படும்போது ஐயாவிடம் போய், ஏறுவதற்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டேன். ஒரு நாளைக்கு 500 ரூபாயாம். எத்தனை முறை ஏறினாலும் அதே 500. விழுந்தால்? “விழுந்தா எண்ட பாடு மனே.” ஊருக்குள் கள்ளுச் சீவுகிறவர் என்றால் வாசலோடு நிறுத்துகிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். இங்கே அதே மனிதரை விளம்பரப் படத்தில் பெரிதாகப் போட்டுச் சம்பாதிக்கிறார்கள், வாயை மட்டும் திறக்க விடுவதில்லை.

நடத்துகிறவர்களே, ஆட்களை விடிய ஐந்தரைக்குக் கூப்பிடுங்கள். வருகிறவன் வருவான். முட்டி இறங்கும்போது அதற்குள் மிதக்கிற எறும்பையும் தேனீயையும் பார்க்கட்டும், நுரை பொங்குகிற சத்தத்தைக் காது வைத்துக் கேட்கட்டும். பேசுவதை ஐயாவிடம் விடுங்கள், தமிழில். பொடியன் பக்கத்தில் நின்று வெள்ளைக்காரருக்கு இங்கிலிஷில் மாற்றிச் சொல்லட்டும், அதற்குச் சம்பளம் வாங்கட்டும். அந்த 3,500இல் பாதி மரத்தில் ஏறுகிறவர் கைக்குப் போகட்டும். அப்படி நடத்தினால் 5,000 கேளுங்கள், மறுகாவும் வருவேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு.